ஓடையின் ஆணும் பானையின் பெண்ணும்

மலை ஓடைக் கரையில் விளக்குக்கு வந்த ஆணும், கோயமுத்தூர் பீளமேட்டில் எங்கள் வீட்டு மண்பானையிலிருந்து ஏறிவந்த பெண்ணும் ஒரே இனம்தானா? இதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இந்நேரம் கட்டுரையை அனுப்பிவிட்டு வேறு ஏதாவது கவலையை எடுத்துக்கொண்டிருப்பேன்.

நீங்கள் பூச்சியியல் துறைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஜன்னலோரத்து என் மேசையும், கழுத்து லேசாக ஆடும் அந்த மைக்ரோஸ்கோப்பும் இப்போது உங்களிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பணி அனுபவம் என்று எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள். எனக்கு அந்த வயது ஆகவில்லை. பிரசவத்துக்கு விடுப்பில் வந்தேன், விடுப்பு நீண்டுவிட்டது. திரும்பி வருவாயா என்று யாராவது கேட்டால் வருவேன் என்கிறேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசிக்கிறேன். எனக்கும் உங்களுக்கும் வழிகாட்டியாக இருக்கும் மேடம்தான் இதை எழுதச் சொன்னார். "நீ பட்டதையெல்லாம் புதுப் புள்ளைகளுக்கு எழுதிக் குடு அம்மணி. நான் சொன்னா தூங்கிருவாங்க" என்றார். அளவெடுப்பது, வெட்டிப் பிரிப்பது எல்லாம் அவரே சொல்லித்தருவார். எந்த நேரத்தில் எதை முடிவு செய்ய வேண்டியிருந்தது என்பதை மட்டும் நான் எழுதுகிறேன். என் முடிவுகள் சரிதானா என்பதில் எனக்கே உறுதி இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பூச்சி. ஆங்கிலத்தில் ஸ்டோன்ஃப்ளை. தமிழில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. துறையில் நாங்கள் கல்பூச்சி என்போம். வாழ்நாளில் பெரும்பகுதியை அது ஓடைக்குள், கல்லுக்கு அடியில், லார்வாவாகக் கழிக்கிறது. தட்டையான உடம்பு, இரண்டு வால், கால்கள் சேரும் இடத்தில் பஞ்சு போலச் செவுள்கள். தண்ணீர் குளிர்ந்தும் ஓடிக்கொண்டும் இருக்க வேண்டும், சுத்தமாகவும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் தங்காது. வளர்ந்ததும் ஒரு மாலை நேரத்தில் கல்லின்மேல் ஏறி, முதுகில் தோலைப் பிளந்துகொண்டு, இறக்கையோடு வெளியே வரும். அதன்பின் சில நாள்தான் உயிர். தண்ணீரில் இருந்ததையும் காற்றில் பறப்பதையும் அடுத்தடுத்து வைத்தால், இரண்டும் ஒரே பிறவி என்று யாரும் நம்பமாட்டார்கள்.

நாங்கள் தேடியது அதில் ஓர் அரிய இனம். வெகு காலத்துக்கு முன் யாரோ ஒருவர் ஒரே ஓர் ஆணை வைத்து அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். பெண் எப்படி இருக்கும், லார்வா எப்படி இருக்கும் என்று எழுதியவர் இல்லை. அதை எழுதுவது என் பொறுப்பாக வந்தது. ஒருமுறை அச்சாகிவிட்டால், பிறகு எவர் எந்த ஓடையில் கல்லைப் புரட்டினாலும் என் படத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் பெயர் சொல்வார்கள். நான் ஒரு பூச்சியின் ஆணையும் இன்னொரு பூச்சியின் பெண்ணையும் ஒன்றாகக் கட்டிவைத்துவிட்டால், அந்த அரிய பூச்சி இல்லாத இடத்தில் இருப்பதாகச் சொல்வார்கள். இருக்கிற இடத்தில் அதைப் பார்த்தும் பார்க்காமல் போவார்கள். குழந்தையைத் தட்டித் தூங்கவைத்த பிறகு எனக்குத் தூக்கம் வராமல் இருப்பது இதனால்தான்.

ஆண்கள் கிடைத்தது வால்பாறைப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடையில். அப்போது எனக்குக் குழந்தை இல்லை. மாசி மாதம். இரண்டு மூங்கிலை நட்டு வெள்ளைத் துணியைக் கட்டி, முன்னால் பெட்ரோமாக்ஸ் விளக்கை வைத்தோம். துணி என் மாமியார் வீட்டுத் தறியில் நெய்தது. அவர்களுக்குச் சோமனூரில் விசைத்தறி உண்டு. வெளுக்காத காடாவாக வாங்கி, வெளுத்துத் தைத்த நீளமான துணி. அதுதான் வினையாகப் போயிற்று. இருட்டத் தொடங்கியதும், மேலே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிவந்தார்கள். சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகளை முன்வரிசைக்கு அனுப்பினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் மேடத்திடம் வந்து பணிவாகக் கேட்டார்.

"படம் எப்பங்க போடுவீங்க?"

நான் மன்னிப்புக் கேட்டு விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அப்போது கவனித்துக்கொண்டிருந்தது வேறொன்றை. வந்தவர்களில் பாதிப் பேர் கையில் டார்ச். மேலே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பல்பு எரிந்தது. இத்தனை வெளிச்சம் சுற்றிலும் இருந்தால் எங்கள் துணிக்கு எந்தப் பூச்சி வரும்? விரட்டினால் கோபித்துக்கொண்டு போவார்கள், பல்பு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

"எல்லா லைட்டையும் அணைச்சாத்தாங்க படம் தெரியும்" என்றார் மேடம்.

சில நிமிடங்களில் அந்தச் சரிவு முழுவதும் இருட்டு. எங்கள் துணி மட்டும் நிலா மாதிரி நின்றது. பிறகு வரத் தொடங்கின. முதலில் விட்டில், அப்புறம் சின்னச் சின்ன வண்டுகள், அப்புறம் நீள இறக்கையை முதுகில் மடித்துக்கொண்டு, அவசரமாகத் துணியில் ஓடும் மஞ்சள் பழுப்புப் பூச்சிகள். மேடம் ஒன்றைப் பிடித்து, எங்கிருந்து வருகிறது, எத்தனை நாள் இருக்கும் என்று எல்லோருக்கும் சொன்னார். படம் பார்க்க வந்த கூட்டம் ஏமாந்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், பிடிபட்டதெல்லாம் ஆண் என்று மேடம் சொன்னதைக் கேட்டுவிட்டு, பொம்பளைப் பூச்சி ஏன் வரவில்லை என்று கேட்டார். தெரியவில்லை என்றார் மேடம். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அதுகளுக்கு ஊட்டுல வேல கெடக்குமுங்க. வெளக்கு வேடிக்க பாக்கவா வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். திரும்பி வரும் வழியில் வேறு ஒன்று தோன்றியது. பெண் பூச்சிகள் எங்கள் துணிக்கு வராமல் லைன் வீட்டு பல்புகளுக்குப் போயிருந்தால்? அணைப்பதற்கு முன் அந்த வாசல்களை ஒருமுறை போய்ப் பார்த்திருக்கலாமோ? மேடத்திடம் கேட்டேன். "இத அங்கயே கேட்டிருந்தா மேல போயி பாத்திருக்கலாமுல்ல கண்ணு" என்றார். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். கேள்வி சின்னதாக இருந்தாலும் இடத்தில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். பஸ்ஸில் ஏறிய பிறகு வரும் கேள்வியால் பயனில்லை.

அடுத்த மாசியில் லார்வா எடுக்கப் போனேன். குழந்தைக்கு நான்கு மாதம். அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், விட்டுவிட்டு விடியும் முன் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடித்தேன். மேடம் வேறு வேலையாக இருந்ததால் துறையின் உதவியாளர் மட்டும் உடன் வந்தார். பிற்பகல் வரை கல்லைப் புரட்டினோம். விரல்கள் மரத்துப்போயின. பால் கட்டி மார்பு வலித்தது. அந்த நேரத்தில் குழந்தை என்ன செய்துகொண்டிருக்கும் என்று நினைக்காமல் ஒரு கல்லைக்கூடத் தூக்கவில்லை. ஆனால் ஒரு தட்டைக் கல்லின் அடியில் முதல் லார்வா நண்டு போலப் பக்கவாட்டில் ஓடியபோது, உண்மையைச் சொன்னால், கொஞ்ச நேரம் குழந்தையை மறந்துவிட்டேன். தலையில் கறுப்புத் திட்டும், முதுகில் இறக்கை வளரப்போகும் மடிப்புகளும் அவ்வளவு துல்லியமாக இருந்தன.

உயிரோடு கொண்டுவர வேண்டும், சூடு படக்கூடாது. வீட்டு பிளாஸ்கில் ஓடைத் தண்ணீரை ஊற்றி, கூழாங்கல் போட்டு, உள்ளே விட்டு மூடியை லேசாகத் திருகினேன். கேன் நிறைய ஓடைத் தண்ணீரும் எடுத்துக்கொண்டோம். மலையிறங்கும் பஸ்ஸில் பிளாஸ்க் என் மடியில். பக்கத்து இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண். குழந்தை அழ ஆரம்பித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, பிளாஸ்குல சுடுதண்ணி இருக்குதுங்களா? பால் கலக்கோணும்."

"சுடுதண்ணி இல்லீங்க. பச்சத்தண்ணி."

"பரவால்லீங்க, கொஞ்சம் குடுங்க."

"உள்ள பூச்சி இருக்குதுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தண்ணீர் கொடுக்க மனமில்லாதவள் இப்படியும் பொய் சொல்வாளா என்ற பார்வை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். மூடியைத் திறந்து காட்டியிருக்கலாம். ஆனால் பஸ்ஸுக்குள் அடித்த வெக்கையை உள்ளே விட எனக்குத் தைரியம் இல்லை. ஊர் வந்து சேரும்வரை அந்தக் குழந்தை அழுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டே வந்தேன். வீட்டில் அத்தை விஷயத்தைக் கேட்டுவிட்டு, அந்த பிளாஸ்க் இனி அடுப்படிக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். பேத்தியைப் பார்த்துக்கொள்ளச் சோமனூரிலிருந்து வந்து தங்கியிருந்தார் அவர். தறிச் சத்தம் இல்லாமல் தூக்கம் வருவதில்லை என்பது அவருடைய ஒரே குறை; அன்றிலிருந்து பூச்சியும் சேர்ந்துகொண்டது.

துறையில் வளர்க்காமல் வீட்டில் ஏன் வளர்த்தாய் என்று கேட்பீர்கள். துறையின் மாடி பகலில் எப்படிக் காயும் என்று உங்களுக்கே தெரியும். சாயங்காலம் பூட்டிவிடுவார்கள். இந்தப் பூச்சி இறக்கை விரிப்பதோ சாயங்காலத்துக்கு மேல். நானோ நாள் முழுக்க வீட்டில். ஆகவே வாய் அகன்ற மண்பானை ஒன்றை வாங்கி, நனைத்த சாக்கைச் சுற்றி, லார்வா ஏறிவரப் பிடியாக அதன் ஓரத்தை உள்ளே மடித்துவிட்டு, படுக்கையறை மூலையில் முக்காலியின்மேல் வைத்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமே? மேலே பரணில் ஒரு குடத்தைத் தூக்கிவைத்து, மருந்துக்கடையில் வாங்கிய குளுக்கோஸ் ஏற்றும் குழாயைப் பொருத்தினேன். சொட்டுச் சொட்டாகப் பானைக்குள் விழுந்தது. என் கணவர் மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலை செய்கிறார். நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணிய மேல ஏத்தறதுக்கு எங்க கம்பெனியில எத்தன பேரு. நீ ஒருத்தியா கீழ எறக்கிட்டு இருக்கற." ஆனாலும் காலையில் குளிப்பதற்கு முன் பானையில் சேர்ந்ததை மொண்டு குடத்தை நிரப்பிவைத்துவிட்டுப் போவார். உணவுக்குப் பக்கத்து வீட்டுச் சிமெண்ட் தொட்டியில் நெளியும் கொசுப்புழுக்களை வடிகட்டி வந்தேன். கொசுப்புழு வேண்டும் என்று ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவது எவ்வளவு கூச்சமான காரியம் என்பது தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கேன் தண்ணீர் தீர்ந்தபோது தவறு நடந்தது. கோயமுத்தூர்க்காரர்களுக்கு மட்டுமே நடக்கக்கூடிய தவறு என்று நினைக்கிறேன். குழாயில் வருவது சிறுவாணி, ருசிக்குப் பேர்போன மலைத் தண்ணீர். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நாம் முதலில் கொடுப்பது ஒரு டம்ளர் சிறுவாணி. அவர்கள் குடித்துவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். மலைப் பூச்சிக்கு மலைத் தண்ணீர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எனக்குத் தோன்றவில்லை, கணவருக்குத் தோன்றவில்லை, மேடத்திடம் சொன்னபோது அவரும் சரி என்றார். குழாயில் பிடித்த தண்ணீரை அப்படியே குடத்தில் ஊற்றினோம். குழாய்த் தண்ணீரில் கலக்கும் பிளீச்சிங் பவுடர் நினைவுக்கு வந்தது மறுநாள் பானையைப் பார்த்தபோதுதான். செவுள்கள் வெளுத்து, லார்வாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மல்லாந்து கிடந்தன. அவற்றைக் கெடாமல் வைக்க ஸ்பிரிட்டில் போட்டேன். மேடத்திடம் சொன்னேன். "பெருமையா இருக்கற விசயத்த மட்டும் நாம சோதிச்சே பாக்கறதில்ல" என்றார். அதன்பின் தண்ணீரை வெயிலில் திறந்துவைத்து, ஆறவிட்டு ஊற்றினேன்.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. எல்லாவற்றிலும் பெரியது. இறக்கை மடிப்புகள் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வந்தன. சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. தோல் உரிக்கப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சாகப்போகிறது என்பதற்கும் அதுவே அடையாளமாக இருக்கலாம்.

அந்த வாரம்தான் குழந்தைக்கு முத்தடுப்பு ஊசி. போட்ட அன்று சாயங்காலம் காய்ச்சல் வந்தது. வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், மருந்தும் கொடுத்திருந்தார். ஆனாலும் மருந்தை இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டுத் திரும்பினால், பானையில் லார்வா தண்ணீருக்கு மேலே பாதி ஏறி, சாக்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. கீழே, வீட்டுச் சொந்தக்காரர் வீட்டில் போன் உண்டு. குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். மேடம் சொன்னது தெளிவாக இருந்தது. செவுள், முடி எல்லாம் கெடாத முழு வளர்ச்சி லார்வா இது ஒன்றுதான். இப்போதே ஸ்பிரிட்டில் போட்டால் லார்வாவின் படமாவது நிச்சயம். பாதித் தோலில் மாட்டிக்கொண்டு செத்தால் லார்வாவும் இல்லை, பூச்சியும் இல்லை. "இருக்கறத காப்பாத்திக்க அம்மணி" என்றார். நான் தயங்குவது தெரிந்திருக்க வேண்டும். "ஆனா அது எப்படி நிக்குதுன்னு நீதான் பாக்கற. நான் பாக்கலை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மாடிப்படி ஏறி வருவதற்குள் இரண்டு முறை முடிவை மாற்றினேன். ஸ்பிரிட் குப்பியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு பானை அருகில் உட்கார்ந்தேன். ஸ்பிரிட்டில் போட்டால் எனக்குப் பெயரில்லாத ஒரு லார்வாவின் படம் கிடைக்கும். அது எந்தப் பூச்சியாக ஆகும் என்பது யாருக்கும் தெரியாது. என்னைப் பிடித்து நிறுத்தியது அறிவா, வெறும் ஆவலா? இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அதன் ஆறு கால்களும் சாக்கில் ஒரே சீராக ஊன்றியிருந்தன. சாகிற பூச்சி அப்படி நிற்பதை நான் பார்த்ததில்லை. குப்பியை மூடினேன்.

அப்போது கரண்ட் போயிற்று. கணவர் மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து தள்ளிவைத்தார். குழந்தை அவர் தோளில் சிணுங்கிக்கொண்டிருந்தது. முதுகில் ஒரு கோடு வெளுத்தது. கோடு பிளந்தது. உள்ளிருந்து ஈரமான, வெண்ணெய் நிறத்தில் ஒன்று மெல்ல மெல்லத் தன்னை வெளியே இழுத்துக்கொண்டது. இறக்கைகள் கசங்கிய காகிதம் போல இருந்து, நாங்கள் பார்க்கப் பார்க்க விரிந்தன. கணவர் குழந்தையோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைகூடச் சிணுங்கலை நிறுத்தியிருந்தது. மருந்து வேலை செய்யத் தொடங்கியிருக்க வேண்டும். நான் லென்ஸை எடுத்து வயிற்றின் நுனியைப் பார்த்தேன்.

"என்னாச்சு?" என்றார்.

"பொண்ணுங்க."

"அதுக்கு ஏன் மொகத்த இப்படி வெச்சுட்டு சொல்ற?"

எனக்குச் சுருக்கென்றது. பிரசவ அறையிலிருந்து வெளியே வந்த ஆயா இவரிடம் இதே குரலில்தான் சொன்னாராம், பொண்ணுங்க என்று. இவர் அதைச் சொல்லிச் சொல்லிக் கோபப்படுவார். அப்புறம் விளக்கினேன்: மலையில் பிடித்ததெல்லாம் ஆண், அந்தப் பழைய அரைப் பக்கமும் ஆணைப் பற்றியது. இந்த இனங்களைப் பிரித்துச் சொல்வதே ஆணின் உறுப்பை வைத்துத்தான். ஆணாக இருந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்த்து இன்றைக்கே முடித்திருக்கலாம். பெண்ணை எதோடு ஒப்பிடுவது? "அப்ப இவளப் பத்தி யாருக்குமே தெரியாது. நீதான் மொதல்ல பாக்கற" என்றார் அவர். நான் அப்படி நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

பேசிக்கொண்டிருந்தபோதே கரண்ட் வந்தது. மின்விசிறியின் ஸ்விட்சை அணைக்க நாங்கள் இருவருமே மறந்திருந்தோம். விசிறி சுழன்று, பூச்சி சாக்கின் அடிப்பக்கம் ஒண்டிக்கொண்டது. உரித்துப்போட்ட தோலைக் காணவில்லை. அந்தத் தோல்தான் சாட்சி. அதில்தான் செவுளின் தடமும் முடி வரிசையும் தலைத் திட்டும் அப்படியே பதிந்திருக்கும். அது இல்லாவிட்டால் லார்வா எப்படி இருந்தது என்பதற்கு என் வாய் வார்த்தைதான் மிச்சம். கணவர் விசிறியை நிறுத்தினார். கட்டிலுக்கு அடியில், பானைக்குப் பின்னால், கதவிடுக்கில் என்று தேடினோம். அத்தை எழுந்து வந்து என்ன தேடுகிறோம் என்று கேட்டார். பூச்சியின் சட்டை என்று சொன்னார் கணவர். "பெத்ததுக்குச் சட்ட போடாம படுக்கவெச்சுப்போட்டு, பூச்சி சட்டையத் தேடறீங்களாக்கும்" என்றார். காய்ச்சலுக்காகக் கழற்றியது என்று நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவரே தொட்டிலின் கொசுவலையைக் காட்டினார். வலைக் கண்ணில் நகங்கள் மாட்டி, முழுசாக, ஒரு கால்கூட உடையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே உங்களுக்கு: முதலில் தோலை எடுங்கள். புதிதாக வந்த பூச்சியின்மேல்தான் எல்லோருக்கும் கண் போகும். அது எங்கேயும் போகாது, சில மணி நேரம் அதனால் சரியாகப் பறக்கவும் முடியாது.

பெண்ணை உடனே ஸ்பிரிட்டில் போடாமல், வலை கட்டிய கண்ணாடிப் புட்டியில் ஈரப் பஞ்சோடு வைத்தேன். நிறம் ஏற வேண்டும், உடம்பு இறுக வேண்டும். மூன்றாம் நாள் காலை வால் அருகே கறுத்த உருண்டையாக முட்டைகள் தெரிந்தன. முட்டை ஓட்டின் வரிகள் இனத்துக்கு இனம் வேறுபடும். அதைவிட நல்ல அடையாளம் பெண்ணுக்குக் கிடையாது. உதிர்ந்துவிடுமோ என்ற பயத்தில் அன்றே ஸ்பிரிட்டில் போட்டேன். காய்ச்சல் விட்ட குழந்தை பக்கத்தில் குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

படங்கள் வரைந்து முடித்தபோதுதான் பிரச்சினை தெரிந்தது. விளக்குக்கு வந்த ஆண்கள் எல்லாவற்றுக்கும் தலை நடுவில் ஒரே கறுப்புத் திட்டு. என் பெண்ணுக்கு அது இரண்டாகப் பிரிந்து, நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு. ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசமாக இருக்கலாம். நிறம் முழுக்க ஏறுவதற்குள் நான் ஸ்பிரிட்டில் போட்டுவிட்டேனோ, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் இரண்டும் சேர்ந்திருக்குமோ என்றும் தோன்றுகிறது. அல்லது அந்த ஓடையில் இரண்டு இனங்கள் இருக்கின்றன. ஒன்றின் ஆணையும் மற்றொன்றின் பெண்ணையும் நான் வைத்திருக்கிறேன். குழாய்த் தண்ணீரில் செத்த லார்வாக்களை எடுத்துப் பார்த்தேன். சிலவற்றுக்கு ஒரே திட்டு, சிலவற்றுக்குப் பிரிந்த திட்டு. ஆண் எது பெண் எது என்று சொல்ல முடியாத சின்ன வயது. அவை எனக்கு உதவவும் இல்லை, என்னை நிம்மதியாக விடவும் இல்லை.

மேடம் எல்லாவற்றையும் பார்த்தார். ஒரே ஓடை, ஒரே மாதம், பெண் சற்றுப் பெரிது என்பது எதிர்பார்த்ததுதான், இந்த அளவு ஆதாரத்தோடு ஆணையும் பெண்ணையும் சேர்த்து எழுதியவர்கள் நிறையப் பேர் என்றார். சேர்த்து எழுதினால் ஒரு அரிய பூச்சியின் முழு விவரிப்பு, பெயர் நிற்கும். பிரித்து எழுதினால், பெயர் தெரியாத ஒரு பெண், அதன் லார்வா, முட்டை. யாரும் திருப்பிப் பார்க்காத கட்டுரை. "எனக்குச் சேத்து எழுதலாமுன்னுதான் தோணுது. ஆனா பாத்தது நீ, வரஞ்சது நீ. உனக்குத் தோணாதத எம்பேருக்காக எழுதாத" என்றார். அவர் இப்படிச் சொல்லாமல் உத்தரவு போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு விதமாகவும் எழுதிவைத்திருக்கிறேன். இரண்டும் அலமாரியில் இருக்கின்றன.

தீர்க்க ஒரு வழி உண்டு. வரும் தை, மாசியில் அங்கேயே ஒரு வாரம் தங்கி, கரைப் பாறைகளில் இணைந்திருக்கும் ஒரு ஜோடியைத் தேடுவது. கிடைத்தால் பெண்ணின் தலையையும் முட்டையையும் பார்த்தால் போதும். கிடைக்காமலும் போகலாம். மகளுக்கு இப்போது ஒரு வயது. இன்னும் பால் மறக்கவில்லை. அவளை விட்டுவிட்டு ஒரு வாரம் போக என்னால் முடியாது. அந்தக் குளிருக்கு அவளைக் கூட்டிப்போவது சரியா என்றும் தெரியவில்லை. கணவர் லீவு போட்டுக் கூட வருகிறேன் என்கிறார். அத்தை, "போறதுன்னா போயிட்டு வாங்க, ஆனா கம்பளிக்கோட்டு வாங்கிக்கங்க" என்கிறார். நான்தான் முடிவெடுக்காமல் இருக்கிறேன்.

அதனால் உங்கள் யோசனையைக் கேட்கிறேன். மேசையின் இடது இழுப்பறையில் இரண்டு குப்பிகள் இருக்கும். ஒன்றில் ஓர் ஆண். மற்றொன்றில் அந்தப் பெண்ணும், அதன் தோலும், முட்டைகளும். என் படங்களைத் தயவுசெய்து முதலில் பார்க்காதீர்கள். பார்த்தால் நான் பார்த்ததைத்தான் நீங்களும் பார்ப்பீர்கள். இரண்டையும் தண்ணீரில் ஒரே தட்டில் வைத்து, மைக்ரோஸ்கோப்பின் கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக எனக்கு எழுதுங்கள். ஒன்று என்று தோன்றினாலும் எழுதுங்கள், இரண்டு என்று தோன்றினாலும் எழுதுங்கள். தெரியவில்லை என்று நீங்கள் எல்லோரும் எழுதினால், நான் பையைக் கட்டத் தொடங்குவேன். அப்படியானால், ஒரு வயதுக் குழந்தைக்கு மலையில் ஒரு வாரத்துக்கு என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்பதையும், வீட்டில் யாரையாவது கேட்டு, அதே கடிதத்தில் சேர்த்து எழுதிவிடுங்கள்.